தலைக்குமேல் ஒரு பலகை



1950களின் பிற்பகுதியில், அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் தலைநகரான வாசிங்டனுக்கு அணித்தாக உள்ள கிறீன்பெல்ற் என்னும் ஊரிலே ஒரு பரீட்சை வீதி அமைக்கப்பட்டது. அவ்வீதியில் அறிவிப்புப் பலகைகள் நாட்டப்பட்டன. பச்சை, நீலம், கறுப்பு என அவற்றின் நிறம் வேறுபட்டது. அவற்றில் வெள்ளை எழுத்தில் எழுதப்பட்டிருந்த ஊர்ப்பெயர்கள் எந்தத் தேசப்படத்தையும் பார்த்து எழுதியவை அல்ல. மெற்றோபொலிஸ், யூற்றோப்பியா என்பன அவை. சாரதிகள் பலரை அவ்வழியே விரைந்து வண்டி செலுத்தச் செய்து, எந்நிறம் கண்ணுக்கு இசைந்தது என வினவினார்கள். நூற்றுக்கு 58 பேர் பச்சை என்றார்கள். 27 பேர் நீலம் என்றார்கள். எஞ்சியோர் கறுப்பை விரும்பினார்கள். மாநிலங்களை இணைக்கும் புதிய பெருந்தெருக்களுக்குப் பச்சைப் பலகையும் வெள்ளை எழுத்தும் 1958ஆம் ஆண்டில் விதியாயின. பின்னர் அந்நிறம் கடல்கடந்து பல நாடுகளுக்குப் பரவியது. கொட்டாவையிலிருந்து காலிக்கு 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திறக்கப்பட்ட நமது தெற்கு அதிவேகப் பாதையிலே செல்வோர் காணும் பச்சைப் பலகையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

எழுத்து எவ்வளவு உயரமாயிருத்தல் வேண்டும், இரவில் எவ்வாறு ஒளிர்தல் வேண்டும் என்றெல்லாம் அக்காலத்தில் மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்தார்கள். ஆயின் அந்தப் பலகையைத் தலைக்குமேலே தாங்கி நிற்கும் தூணும் கையும் எத்தனை காலம் தாங்கும் என்ற வினா நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அவ்வினா எவ்வாறு எழுந்தது, அதற்காக எத்தனை உயிர்கள் பலியாக நேர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருவிழாக் காலத்தில் வீதிக்குக் குறுக்கே நாம் கட்டும் தோரண வளைவை எல்லோரும் அறிவோம். இருமருங்கும் இரு கால். மேலே ஒரு குறுக்குச் சட்டம். பெருந்தெருவின் அறிவிப்புச் சட்டகமும் ஏறக்குறைய அவ்வாறானதே. பலகை பெரியது, காலங்கள் நிலையானவை, கீழே ஓடுவது தேர் அன்று, மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டிகள் என்பதே வேறுபாடு. மற்றொரு வகையும் உண்டு. தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு தூண் நின்று, அதன் உச்சியிலிருந்து ஒரு கை நீண்டு, அக்கையின் நுனியிலே பலகை தொங்கும். இதனை ஒற்றைக்கைத் தூண் என்று சொல்லலாம். வண்டி மோதக்கூடிய கால் ஒன்று குறைவதால் இது விரும்பப்பட்டது, செலவும் சுருக்கம். ஆயின் பாரம் முழுவதும் ஒரே தூணின் அடியிலே, அதனைக் கொங்கிறீற்று அத்திவாரத்தோடு பிணைக்கும் சில மரையாணிகளிலே வந்து தங்குகின்றது.

இவற்றை அமைத்த பொறியியலாளர் காற்றைக் கணக்கில் எடாதவர் அல்லர். பெரும்புயல் ஒன்று வந்து மோதினால் தூண் முறியாதிருக்க எவ்வளவு தடிப்பு வேண்டும் எனக் கணித்தே கட்டினார்கள். அவர்கள் அஞ்சியது பெருங்காற்றை. இடர் வந்ததோ இளங்காற்றிலிருந்து.

இதனை விளங்கிக்கொள்ள நாம் சற்றுப் பின்னே செல்லவேண்டும். 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் தேதி, பிரான்சு நாட்டிலே வேர்சாய் நகரில் விழாக் கண்டு பாரிசுக்குத் திரும்பிய மக்களை ஏற்றிவந்த புகையிரதம் மெதோன் என்னுமிடத்தில் விபத்துக்குள்ளாயிற்று. இயந்திரத்தின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் உள்ளிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; தென்துருவக் கடல்களை ஆராய்ந்த கடலோடி துமோன் தூர்வில் தம் மனைவியோடும் மகனோடும் அதிலே மடிந்தார். நன்றாகச் செய்த இரும்பு அச்சு, முன்னர் பன்முறை அதே பாரத்தைத் தாங்கிய அச்சு, ஏன் அன்றைக்கு முறியவேண்டும்? ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பு மாறிப் பளிங்காகிவிட்டது என்றனர் பலர். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த இளைஞரான றாங்கின் அவ்வாறன்று என்றார். அச்சின் தடிப்பு மாறும் தோளிலே நுண்ணிய வெடிப்பு ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் உள்நோக்கி வளர்ந்து, எஞ்சிய இரும்பு தாங்கமாட்டாத நிலையில் முறிவு நேர்கிறது என்பது அவர் கண்டது. பின்னர் செருமானியரான வோலர் புகையிரத அச்சுக்களைப் பல ஆண்டுகள் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, 1870ஆம் ஆண்டளவில் ஓர் உண்மையை நிலைநாட்டினார். ஒருமுறை வைத்தால் எளிதாகத் தாங்கும் பாரத்தையே இலட்சக்கணக்கான முறை வைத்து வைத்து எடுத்தால் உலோகம் முறியும். இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். கம்பி ஒன்றைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து முறிக்கும் சிறுவனும் இதே காரியத்தைத்தான் செய்கிறான்.

இனி நமது ஒற்றைக்கைத் தூணுக்கு மீள்வோம். ஓடும் ஆற்றிலே ஒரு முளையை நட்டால் அதன் பின்னே நீர் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழிப்பதைக் காணலாம். காற்றும் அவ்வாறே தூணைச் சுற்றிச் சுழிகளை விடுகின்றது. சுழி விடும் தாளமும் தூண் தானே அசையும் தாளமும் ஒன்றாகிவிட்டால் அசைவு பெருகும். பலகை மாட்டப்படாத வெறும் அலுமினியச் சட்டகம் இவ்வாறு நடுங்குவதுண்டு. ஆதலால் பலகையின்றிச் சட்டகத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போகலாகாது என்பது அத்தொழிலில் ஈடுபட்டோர் பட்டறிந்த பாடம். அன்றியும், பலகை மாட்டிய கையை நிலையாக வீசும் காற்று மேலுங் கீழுமாகத் தூக்கித் தூக்கி எறிவதுண்டு. பனிக்கட்டி படிந்த மின்கம்பிகள் குதிரை பாய்வதுபோலத் துள்ளுவதை 1930களில் டென் ஹார்ற்றோக் என்னும் அறிஞர் விளக்கினார். அதே துள்ளல்தான் இது. மூன்றாவதாக, பலகைக்குக் கீழே விரையும் பெரிய லொறி காற்றை முன்னும் மேலுமாகத் தள்ளிச் செல்கின்றது. எழுத்து மாறும் மின்பலகைகள் பெட்டிபோல ஆழமானவை. அவற்றின் அகன்ற அடிப்பக்கத்தில் அந்தக் காற்று மோதும்போது கை மேலெழும்பித் தாழும்.

இத்தகைய தூண் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று முறை அசைவது வழக்கம். இரண்டு முறை என்றே வைத்துக்கொள்வோம். இடைவிடாது காற்று வீசும் ஒரு நாளில் அது 1,72,800 முறை அசைகிறது. இரண்டு மாதங்களில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். அசைவை அடக்கும் தன்மையும் இந்த மெல்லிய உருக்குக் குழாய்களுக்கு மிகக் குறைவு; ஒருமுறை அசையத் தொடங்கினால் எளிதில் ஓயா. வோலர் பல ஆண்டுகள் சுழற்றிய அச்சுக்களை நினைத்துப் பாருங்கள். காற்று ஒரு பருவத்திலேயே அந்த வேலையைச் செய்து முடித்துவிடுகின்றது.

வெடிப்பு எங்கே தோன்றும்? மெல்லிய குழாய் தடித்த அடித்தட்டோடு பற்றவைக்கப்பட்ட இடத்திலே. தடிப்பு திடீரென மாறும் அந்த ஓரம், 1842இல் றாங்கின் காட்டிய அச்சின் தோளையே நமக்கு நினைவூட்டுகின்றது. நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் இரும்பு தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஐக்கிய மாநிலங்களிலே ஆயிரக்கணக்கான ஒற்றைக்கைத் தூண்கள் நின்றன. அவற்றிலே சில விழுந்தன. பென்சில்வேனியாவிலுள்ள லீஹை பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இக்காரணங்களை அளந்து ஆராய்ந்த அறிக்கை 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2001ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அந்நாட்டின் தூண் வரைவு விதிகளில் உலோகக் களைப்புக்கெனத் தனி அதிகாரம் சேர்க்கப்பட்டது. அதற்குமுன் நாட்டப்பட்ட தூண்கள் பிடுங்கப்படவில்லை, அவை நின்றுகொண்டேயிருந்தன. 2003ஆம் ஆண்டு நவம்பரில் அயோவா மாநிலத்திலே சூ சிற்றி நகரருகே 140 அடி உயரமான தெருவிளக்குக் கோபுரம் ஒன்று சாய்ந்தது. அது நெடுங்காலம் நின்ற கோபுரமன்று. நாட்டி இரண்டு ஆண்டுகள் அளவே ஆகியிருந்தன. அடித்தட்டுப் பற்றவைப்பிலே வெடிப்பு. மரையாணிகளின் சுரைகளோ தளர்ந்திருந்தன. அதன் பின்னரே அம்மாநிலத்தின் ஏனைய கோபுரங்கள் சோதிக்கப்பட்டன. வேறு சிலவற்றிலும் வெடிப்புக் காணப்பட்டது.

இவ்விடத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாலங்களைக் குறித்த காலத்திற் பரிசோதிக்கச் சட்டம் இருந்ததே, தூண்களுக்கு ஏன் இல்லை? பாலங்களுக்கும் அச்சட்டம் தானாக வரவில்லை. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆந் தேதி மாலை, நத்தார்ப் பண்டிகைக்குப் பொருள் வாங்கித் திரும்பிய மக்களின் வண்டிகள் நெருங்கி நின்ற வேளையில், ஒகையோ ஆற்றின்மேல் 1928இல் கட்டப்பட்ட வெள்ளிப் பாலம் ஒரு நிமிட அளவில் முழுவதும் ஆற்றில் வீழ்ந்தது. நாற்பத்தாறு பேர் இறந்தனர். சங்கிலியைப் போன்று பாலத்தைத் தாங்கிய கண்ணுள்ள உருக்குச் சட்டங்களிலே ஒன்றில், ஓர் அங்குலத்தின் பத்திலொரு பங்களவு ஆழமே உள்ள வெடிப்பு நாற்பது ஆண்டுகளாக வளர்ந்திருந்தது. அக்கண்ணைக் கழற்றாமல் அவ்வெடிப்பைக் கண்டிருக்க இயலாது என விசாரணையாளர் கூறினர். மறு ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டு முதல், இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் பாலங்களைப் பரிசோதித்தல் நாடு முழுவதற்கும் கடமையாயிற்று.

ஆயின் பாலம் என்றால் எது? இருபது அடிக்கு மேற்பட்ட நீளமுடையது என்று விதி வரையறுத்தது. வாகனம் மேலே செல்லும் அமைப்பையே அது கருதியது. வாகனத்துக்கு மேலே தொங்கும் அமைப்பு அவ்வரையறைக்குள் அடங்கவில்லை. அறிவிப்புத் தூண்களைப் பார்வையிடுவது எப்படி என்று அந்நாட்டு நடுவண் பெருந்தெரு நிருவாகம் 2005ஆம் ஆண்டில் நல்லதொரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. வழிகாட்டி என்பது வழிகாட்டிதான், ஏவல் அன்று. சில மாநிலங்கள் ஒழுங்காகச் செய்தன, சில பணமில்லை என்றன. சட்டம் விழுந்ததை எண்ணுகிறதேயன்றித் தொங்குவதை எண்ணுவதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. இது என் சொந்தக் கருத்து. பொறியியலாளர் சிலர் மறுக்கக்கூடும்.

அடுத்த ஆண்டே, 2006 யூலை 10ஆந் தேதி, பொஸ்ரன் நகரத்துச் சுரங்கப்பாதையிலே ஏறக்குறைய 26 தொன் நிறையுள்ள கொங்கிறீற்றுக் கூரை ஒரு காரின்மேல் வீழ்ந்து ஒரு பெண்ணைக் கொன்றது. கூரையில் துளையிட்டுப் பசையினால் ஒட்டிய ஆணிகளே அதைத் தாங்கியிருந்தன. நீடித்து இழுக்கும் பாரத்தின்கீழ் அப்பசை மெல்ல மெல்ல இளகி விட்டுக்கொடுத்தது. உலகம் இச்செய்தியைப் படித்தது. ஆயினும் ஆறு ஆண்டுகளின் பின் இதனினும் கொடிய நிகழ்ச்சி யப்பானில் நேர்ந்தது.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியளவில், யமனாசி மாகாணத்திலே சசாகோ சுரங்கப்பாதையினுள் கூரைத் தகடுகள் சுமார் 140 மீற்றர் தூரத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மூன்று வண்டிகள் அகப்பட்டு, ஒன்பது பேர் மாண்டனர். 4.7 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை 1977ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுள்ள கொங்கிறீற்றுத் தகடுகள், இங்கும் பசையிட்ட ஆணிகளிலேயே தொங்கின.

அந்நாட்டில் ஆணியைச் சோதிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. சிறு சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்பது. இறுகிய ஆணி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். நமது ஊரில் மண்பானை வாங்கும் தாய்மார் விரலால் சுண்டிப் பார்ப்பது போன்றதே இது. ஆயின் சசாகோவில் அவ்விடத்திலே தகட்டுக்கும் உச்சிக்கும் இடைவெளி ஐந்து மீற்றருக்கு மேல். நின்றபடி கை எட்டாது, சாரம் கட்டவேண்டும். 2000ஆம் ஆண்டுக்குப்பின் அங்கே சுத்தியல் தட்டப்படவில்லை. விபத்துக்கு மூன்று மாதத்துக்குட்பட்ட காலத்திலே, செப்டெம்பரில், ஒரு பரிசோதனை நடந்தது. அதிலும் உச்சியாணிகளைத் தொலைவிலிருந்து கண்ணாற் பார்த்தமைதான். கண்ணுக்கு எல்லா ஆணியும் ஆணியாகவே தோன்றும்.

யப்பானியர் அதன்பின் செய்ததைக் கவனித்தல் வேண்டும். வீதிச் சட்டத்தைத் திருத்தி, 2014ஆம் ஆண்டு யூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகளிலே பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் மட்டும் குறிப்பிட்டு நின்றுவிடவில்லை. வீதிக்குக் குறுக்கே நிற்கும் வாயில் வடிவ அறிவிப்புச் சட்டகங்களையும் அப்பட்டியலிற் சேர்த்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, கை தொடும் அளவுக்கு அணுகிச் சென்று பார்த்தல் வேண்டும். தேவையான இடத்தில் தொட்டும் தட்டியும் அறிதல் வேண்டும். கண்டதை நால்வகைத் தரத்துள் ஒன்றாகப் பதிதல் வேண்டும். நலமுடையது முதலாந் தரம். உடனே செயற்படவேண்டியது நான்காந் தரம். தலைக்குமேல் தொங்கும் பலகை, பாலத்தோடு ஒத்த மதிப்பைச் சட்டத்திலே பெற்றது அப்போதுதான். கூரை வீழ்ந்ததனால் பலகைக்கு வந்த காவல் அது.

பரிசோதகன் செய்யும் வேலை எத்தகையது என்று சில அன்பர்கள் அறிய விரும்பலாம். அவன் ஏணியோடு வந்து மேலே பார்க்கத் தொடங்குவான் என்றே நாம் நினைப்போம். உண்மையில் அவன் முதலில் முழங்காலிட்டு அடியைப் பார்க்கிறான். அடித்தட்டைப் பிணைக்கும் மரையாணிகளில் மேலும் கீழுமாக இரண்டு சுரைகள் உண்டு. அவை தட்டோடு ஒட்டி அமர்ந்துள்ளனவா, இடையிலே தாள் நுழையும் அளவு வெளி உள்ளதா எனப் பார்க்கிறான். ஆணியின் நுனியிலே கருவியை வைத்துக் கேளா ஒலியைச் செலுத்தினால், உள்ளே வெடிப்பிருப்பின் எதிரொலி முன்னதாகவே திரும்பும். தூண் நாட்டிய நாளில் இறுக்கிய சுரைகளை, 48 மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. அவசரமாகச் சென்றுவிடும் வேலையாட்கள் மிகவும் மறப்பது இதனையே. தட்டின்கீழே இலையும் மண்ணும் குவிந்து ஈரத்தைத் தேக்கியிருந்தால் அவற்றை வாரி அகற்றுகிறான். தூணின் அடியிலுள்ள சிறு கதவைத் திறந்து உள்ளே நீர் நிற்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கிறான்; குளிர்நாடுகளில் அந்நீர் உறைந்து குழாயையே பிளந்துவிடும். பற்றவைப்பின் ஓரத்திலே மயிரிழைபோன்ற துருக்கோடு தென்பட்டால் அங்கே நிறமருந்தைப் பூசித் துடைத்து, வெடிப்புக்குள் நுழைந்த நிறம் மீண்டும் வெளிக்கசிகிறதா எனக் காத்திருக்கிறான். இவையெல்லாம் முடிந்த பின்னரே மேலே ஏறுகிறான். அப்போது தெருவின் ஒரு பகுதியை அடைக்கவேண்டும். ஆதலால் அவ்வேலை பெரும்பாலும் நள்ளிரவிலே நடக்கிறது. பகலில் அப்பலகையின்கீழ் விரைந்து செல்வோர் அவனைக் காண்பதேயில்லை. நாகம் பூசிய தூண் துருப்பிடியாது என்னும் நம்பிக்கையும் இவ்வேலைக்குப் பெரும் பகை. மேலே பளபளப்பாக நின்று அடியிலே அரிபடும் தூண்கள் பல.

யப்பானிலே மியே மாகாணத்துச் சுசுக்கா நகரில், 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில், நாற்சந்தி ஒன்றில் நின்ற சமிக்ஞை விளக்குத் தூண் அடியோடு முறிந்து விழுந்தது. நல்லூழாக எவருக்கும் காயமில்லை. ஐம்பது ஆண்டு நிற்கும் எனக் கருதப்பட்ட அந்தத் தூண் நாட்டி 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. பொலிசாரின் ஆய்வுகூடத்தார் அடிமண்ணைச் சோதித்தபோது, அருகிலுள்ள மற்றொரு தூணின் அடியிற் காணப்பட்டதைப்போல நாற்பது மடங்குக்கு மேற்பட்ட மூத்திர உப்பு அங்கே இருந்தது. அவ்வழியே நாய்களை உலாவ அழைத்துச் செல்வோர் பலர். அந்நாய்கள் நாள்தோறும் நின்று காலைத் தூக்கியது அத்தூணின் அடியில்தான்.